அப்பா பெயரில் வந்த கட்டுரைகள்

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது என் கட்டுரைகளைப் புதிதாக யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்பதைத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூளையை ஆராய்கிறவர்கள் பலரும் இதைச் செய்கிறவர்கள்தான். வெளியே கேட்டால், "எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, வேலையல்லவா முக்கியம்" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்றைக்குக் காபி ருசிக்கும். ஏறாமல் கிடந்தால், ஆய்வகத்து மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வேலை இருப்பதுபோல் நழுவிவிடுவார்கள்.

எலியின் மூளையில் பயம் எங்கே தங்குகிறது, தங்கிய பயம் எப்படி மங்குகிறது என்பது என் ஆராய்ச்சி. ஒரு கூண்டில் ஒருமுறை மிரண்ட எலியை மறுநாள் அதே கூண்டில் விட்டால் அசையாமல் உறைந்து நிற்கும். அந்த உறைவுக்குப் பின்னால் இருக்கும் நரம்பணுக்களைத் தேடுவதில்தான் என் இளமை பாதி போனது. வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அது பிடித்துக்கொண்டது. இன்றைக்கு எந்த நாட்டில் யார் பயத்தையும் நினைவையும் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் போக மாட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய கரிசல் ஊர் ஒன்றிலிருந்து போனவள் நான். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கட்டுரையை எல்லோரும் எந்தப் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுகிறார்களோ, அது என் பெயர் அல்ல. என் அப்பாவின் பெயர்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான், முனைவர் பட்டத்திலும் அப்படித்தான். ஆரம்பத்தில் எழுதிய கட்டுரைகளிலும் அப்படியே போட்டேன். வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டி, கோவில்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டுவிடலாமா என்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரிடம் கேட்டேன்.

"விட்டா அங்கன போய்க் கஷ்டப்படுவீங்க. எல்லாருக்கும் நான் அப்பா பேரத்தான் போடுதேன். இதுவரைக்கும் ஒரு பிரச்சினை வந்ததில்ல" என்றார். நான் சரியென்று தலையாட்டினேன்.

விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து அப்பா பெயர்தான் எனக்குப் பெயராயிற்று. வங்கியில் அப்பா பெயர், அடையாள அட்டையில் அப்பா பெயர். புதிய ஆய்வகத்தில் யாரோ அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, இவர் எங்கே இங்கு வந்தார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். கட்டுரை அச்சில் வந்தபோது அந்த இதழின் வழக்கப்படி அப்பா பெயர் முழுதாக நின்றது. என் பெயரில் மிஞ்சியது முதல் எழுத்து ஒன்றுதான். ஊரிலிருந்த அப்பாவிடம் போனில் எரிச்சலோடு இதைச் சொன்னேன்.

அவருக்கு என் எரிச்சல் காதிலேயே விழவில்லை. "எம்பேரா? முழுசாவா?" என்று கேட்டார்.

அப்பா செம்மறி ஆடு வளர்ப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, ஊர் ஊராகப் போய்வந்தவர். இப்போது ஆடுகளைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார். அவர் பெயர் வெளியூரில் எழுதப்படுவது என்றால், அதுவரை ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும்தான். அப்படிப்பட்டவரிடம், "உங்கள் பெயரை ஜப்பானில் ஒருவர் எழுதியிருக்கிறார்" என்று சொன்னால் சும்மா இருப்பாரா? எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த நான் ஒருநாள் அவரோடு சந்தைக்குப் போனபோது அதை என் காதாலேயே கேட்டேன்.

"மூளையப் பத்தி நீரு என்னவே எழுதுனீரு?" என்று ஒரு வியாபாரி அவரை மடக்கினார்.

"நான் எங்கவே எழுதுனேன். எம் மவ எழுதுனா. பேரு நம்ம பேரு" என்றார் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு. "ஒருத்தர் சொன்னத இன்னொருத்தன் எடுத்து எழுதணும்னா, இன்னார் சொன்னதுன்னு பேரு போடணும். போடாட்டா களவு. அதுக்குப் பேரு சைட்டேசனு."

அந்த ஒரு சொல்லை அவர் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டார். அதன்பிறகு சந்தை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாராவாரம் போன் வரும். "ஏட்டி, சைட்டேசன் ஏறிருக்கா?" என்பார். வெறும் எண்ணிக்கை சொன்னால் திருப்தி இருக்காது, எந்த ஊர்க்காரன் என்று சொல்ல வேண்டும். போலந்து என்றால், "அங்கன செம்மறி உண்டுமா?" என்பார். என் மாணவர்கள் தங்கள் கட்டுரையில் என்னை மேற்கோள் காட்டியதைச் சொன்னால் மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார். "அது நம்ம வீட்டு ஆளுல்லா, அத எப்படிச் சேக்க?" என்று கறாராகச் சொல்லிவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் அவர் போன் செய்யும் நாளுக்காக வெளிநாட்டு மேற்கோள்களைத் தனியாகப் பொறுக்கி வைத்திருப்பேன்.

பிறகு நான் இந்தியாவுக்குத் திரும்பி, வடக்கே ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்துப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். அப்போதுதான் வந்தது வினை. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கிற கணினித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. தேர்வுக் குழு அதைத்தான் பார்க்கும். அந்தத் தொகுப்பில் நான் இரண்டு ஆளாக இருந்தேன். அப்பாவின் எழுத்தும் என் பெயருமாக ஒருத்தி. சில பழைய கட்டுரைகள், சுமாரான மேற்கோள்கள். என் எழுத்தும் அப்பாவின் பெயருமாக இன்னொரு ஆள். பெரிய கட்டுரையும் அதற்கு வந்த பெயரும் புகழும் எல்லாம் அந்த ஆளுக்கு. என் பட்டச் சான்றிதழில் இருப்பது அந்த முதல் ஆளின் பெயர். அப்படியானால் இரண்டாவது ஆள் யார் என்று குழுவில் ஒருவர் சந்தேகம் கிளப்பினார். "கணவராக இருக்கலாமோ?" என்றும் கேட்டாராம்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆகியிருந்தாலும், ராத்திரி பகலாக எலிக்கூண்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்து கண்டுபிடித்ததைப் பார்த்தவுடன் ஒரு புருஷனைத் தேடத் தோன்றுகிறதே, அந்த மூளையைத்தான் முதலில் ஆராய வேண்டும். இதை அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி என்ன பயன்? இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொந்த ஊர் வருவாய்த் துறையிடமிருந்து சான்று வாங்கி வாருங்கள், அடுத்த கூட்டத்துக்குள் வராவிட்டால் பட்டத்தில் இருக்கும் பெயரில் வந்த கட்டுரைகளை மட்டும்தான் கணக்கில் எடுப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெரிய கட்டுரை இல்லாமல் எனக்குப் பதவி கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி வேறு யோசனை சொன்னாள். "கெசட்டில் போட்டு, எல்லாவற்றையும் உன் பெயருக்கே மாற்றிவிடு. இப்போது இதழ்களே பழைய கட்டுரையில் பெயரைத் திருத்தித் தருகின்றன. உன் உழைப்பு உன் பெயரில் இருக்கட்டுமே." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு ஆசையும் இருந்தது. கருத்தரங்குகளில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லிப் பாராட்டும்போது, அம்மா ஆசையாக எனக்கு வைத்த பெயர் ஓர் எழுத்தாக ஒடுங்கிக் கிடப்பது சில நாள் உறுத்தியிருக்கிறது. சான்றிதழ் விஷயத்தையும் தோழி சொன்னதையும் போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ எம்பேர எடுத்துருவாவளா?" என்றார்.

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

"எடுத்தா எடுத்துக்கிடட்டும்" என்றார், சாதாரணமாகத்தான். ஆனால் அந்த வாரம் சந்தை முடிந்து அவரிடமிருந்து போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் ரயிலுக்கு டிக்கெட் போட்டேன்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிந்து, விசாரணைக்காக எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். அப்பா கைத்தடியோடு வந்தார். ஊர்க்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்பதால், என்னைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்திருக்கிற பலசரக்குக்கடை அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். வி.ஏ.ஓ. என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மனிதர். ஆனால் ஏதோ ஒரு வாரிசுச் சான்று விஷயத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, மேலதிகாரியிடம் அண்மையில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் எதையும் நாலு தடவை படித்துப் பார்த்தார். எங்கள் நிறுவனம் கொடுத்த கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தடவினார்.

"மேடம், இதுல ரெண்டு பேரு இருக்கு. மொதப் பேரு நீங்க. சரி. ரெண்டாவது பேரு உங்க அப்பா பேரு. அதுக்கு முன்னால நிக்கது உங்க எழுத்து, அப்படித்தான?"

"ஆமா சார்."

"நம்ம முறைப்படி முன்னால நிக்க எழுத்து தகப்பன் எழுத்துல்லா? அப்படிப் பாத்தா, இவியளுக்கு நீங்கதான் தகப்பன்னுல்லா வருது!"

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாருக்கே! நம்ம பிள்ளையப் பெத்த அப்பனுக்கு நம்ம பிள்ளையே அப்பன்!" அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. வெளிநாட்டு வழக்கம் வேறு, அங்கே முழுதாக நிற்பதுதான் தகப்பன் பெயர், எழுத்தாக நிற்பதுதான் ஆள் என்று விளக்கினேன். கட்டுரையின் பிரதியைக் காட்டினேன், பாஸ்போர்ட்டைக் காட்டினேன்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா தாசில்தாருக்கு எழுதப்போறது நான்தான. உங்க பாஸ்போர்ட்டுல முழுப்பேரு இருக்கு, உங்க நிறுவனத்துல கேக்கது எழுத்து போட்ட பேருக்கு" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணு செய்யலாம். தகப்பனார் பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அத வச்சு இன்னைக்கே முடிச்சு அனுப்பிருதேன்."

எவ்வளவு சுலபமான வழி! கூட்டத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பேனாவை எடுத்தேன். அப்பா பெஞ்சில் இரண்டு கையையும் கைத்தடி மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக் குடுத்துரு ஏட்டி" என்றார். "எம்பேரு இருந்தா என்ன, போனா என்ன. உன் வேலைல்லா முக்கியம்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'தகப்பனார் பெயர்' என்று எழுதினேன். அடுத்து 'தவறுதலாக' என்று எழுத வேண்டும். கை ஓடவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்தக் கட்டுரையில் என் பெயர் சுருங்கியது தவறு என்றால் ஒத்துக்கொள்வேன். அப்பா பெயர் அங்கே நின்றது எப்படித் தவறாகும்? எத்தனையோ நாட்டில், என்னை நேரில் பார்த்தே இராதவர்கள் மரியாதையோடு எழுதுகிற பெயர் அது. அதை ஒரு பிழை என்று அவர் மகளே, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதித் தர வேண்டுமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "தவறுதலான்னு நான் எழுத மாட்டேன் சார்."

"மேடம், எழுதாட்டி உங்களுக்குத்தான்..."

"கிடைக்காட்டி போவுது!" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. வாசலில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன். எங்கப்பா பேரு தவறு இல்ல."

வி.ஏ.ஓ. பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நான் எப்படித்தான் மேடம் எழுத? உள்ளது உள்ளபடி எழுதுனா, நீங்க இவியளுக்குத் தகப்பன்னுதான் ஆவும். அப்படி எழுதுனா உலகத்துல எந்த மனுசனாவது ஒத்துக்கிடுவானா?"

அப்பா கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"நான் ஒத்துக்கிடுதேன் சார்."

அண்ணாச்சி மறுபடியும் சிரிக்கத் தயாரானார். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"போன வருசம் கம்மாக்கரையில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கெடந்தேன்" என்றார் அப்பா. "இவதான் வந்து தூக்கிட்டுப் போனா. இவ வீட்டுலதான் மாசக்கணக்கா கெடந்தேன். எனக்குச் சோறு ஊட்டுனது இவ. குளிப்பாட்டுனது இவ. சாப்பிடாட்டா வஞ்சதும் இவதான். இவ கையப் பிடிச்சுத்தான் சார் நான் மறுபடியும் நடக்கப் படிச்சேன். இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செஞ்சிருவான்? நீங்க உள்ளபடியே எழுதுங்க. எந்த ஆபீசர் கேட்டாலும் நான் வந்து சொல்லுதேன்."

நான் அழுதுவிட்டேன். ஆய்வகத்தில் என்னைக் கண்டு நடுங்குகிற மாணவர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வி.ஏ.ஓ. பாதி எழுதியிருந்த அந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கிழித்துப் போட்டார். புதிதாக ஒரு தாளை எடுத்து, வெளிநாட்டு வழக்கப்படி தகப்பனார் பெயர் முழுமையாகவும் மகளின் பெயர் எழுத்தாகவும் வந்திருக்கிறது, இரண்டும் ஒருவரையே குறிக்கும், இதைத் தகப்பனாரே நேரில் உறுதி செய்தார் என்று எழுதி, கீழே அப்பாவிடமும் அண்ணாச்சியிடமும் கையெழுத்து வாங்கினார். அப்பா தன் பெயரை நிறுத்தி நிதானமாக, பெரிதாகப் போட்டார்.

தாசில்தார் கையெழுத்தும் கிடைத்தது. குழு கூடியது. தொகுப்பிலிருந்த இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். எல்லாக் கட்டுரைகளும் எல்லா மேற்கோள்களும் ஒரே ஆளுக்குக் கீழே வந்து நின்றதைத் திரையில் பார்த்தபோது, இவ்வளவும் நானா எழுதினேன் என்று மலைப்பாக இருந்தது. கணவரா என்று கேட்டவர் கைகுலுக்க வந்தார். நானும் கொடுத்தேன், கொஞ்சம் அழுத்தமாகவே கொடுத்தேன். இனிமேல் எந்தப் பெயரில் இருக்க விருப்பம் என்று தொகுப்பிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். நான் தயங்கவில்லை. பெரிய கட்டுரையில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பதில் எழுதிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பேராசிரியர் ஆயாச்சுப்பா."

"சந்தோசம் தாயி. பேரு எப்படிப் போட்டுருக்காவ?"

"உங்க பேருதான். முழுசா. எம்பேரு எழுத்துதான் போட்டிருக்கு. இனிமே யாரும் மாத்த முடியாது."

சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். ஆடுகள் கத்துவதுதான் முதலில் கேட்டது.

"அது என்ன ஏட்டி" என்றார் அப்பா கோபமாக. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே குறைவு. "எழுதுனவ நீ. உம்பேரு எதுக்கு ஒத்த எழுத்தா நிக்கணும்? அவியட்டச் சொல்லி அதையும் முழுசாப் போடச் சொல்லு."

அன்றைக்கே அந்தத் தொகுப்புக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் எங்கள் இருவர் பெயரும் முழுதாக இருக்கின்றன.